ஈஸ்வரி எங்கே பாடுகிறார்?

எங்கள் தெருக்கோடியில் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு வந்திருப்பவர்கள் ஒடிசாப் பக்கத்துக்காரர்கள். மனையிலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். சமீபத்தில் ஓர் இரவு கரண்ட் போய்விட்டது. காற்றுக்காக மொட்டை மாடிக்கு வந்து நின்றேன். கொட்டகைக்குள் குழந்தை ஒன்று விடாமல் அழுதுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் தாய் பாட ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சாமியைக் கூப்பிடுகிறாளா, நிலாவைக் காட்டுகிறாளா, பகலில் மேஸ்திரி ஏசியதைச் சொல்லி ஆற்றிக்கொள்கிறாளா, தெரியாது. ஆனால் ஒவ்வோர் அடி முடியும்போதும் குரலை இழுத்து, மெல்லக் கீழே இறக்கி, மூக்கோடு ஒரு ‘ம்’ சேர்த்து விட்டாள். அந்த இறக்கம் எனக்குத் தெரியும். அப்பத்தா மடியில் படுத்துக் கேட்ட இறக்கம் அது.

எங்கள் ஊர் மேலூருக்கும் சிவகங்கைக்கும் நடுவில். தம்பி பிறந்தபோது எனக்கு ஓரளவு விவரம் தெரிகிற வயது. அம்மாவின் நைந்த நூல் சேலையில்தான் தொட்டில். ஆட்டுவது அப்பத்தா. எடுத்த எடுப்பில் வார்த்தையோடுதான் பாடும். தாய்மாமன் என்ன சீர் கொண்டுவந்தான், அத்தைக்காரி ஏன் எட்டிப் பார்க்கவில்லை, வெள்ளி அரைஞாண் போடுவதாகச் சொன்னவர்கள் எங்கே போனார்கள் என்று நீளமாகப் போகும். அடுப்படியில் இருக்கிற அம்மாவின் முகம் அடிக்கு அடி மாறும். அந்தத் தாய்மாமன் அவள் கூடப்பிறந்தவர். தம்பியின் கண் செருக ஆரம்பித்ததும் வார்த்தைகள் குறையும். அப்புறம் ராராரா மட்டும் நிற்கும். அதுவும் போய், வாய் மூடி, தொண்டைக்குள் ‘ம்’ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

‘ஏன் அப்பத்தா பாட்ட நிப்பாட்டிட்ட?’ என்று ஒருநாள் கேட்டேன்.

‘வார்த்தையெல்லாம் சுத்தி இருக்கிறவுகளுக்குடி. பிள்ளைக்குச் சத்தம் போதும்’ என்றது.

கரண்ட் இல்லாத அந்த இரவில் மாடியில் நின்ற நானும் கொட்டகைக்குள் கிடந்த பிள்ளையும் ஒரே பாட்டைத்தான் கேட்டிருக்கிறோம்.

அப்பத்தாவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது தாலாட்டுக்காக இல்லை, குலவைக்காக. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறந்து, நாற்று வளர்ந்து, நடவு தொடங்குகிற நாளில் எங்கே வேலை நடக்கிறது என்று யாரும் கேட்டுப் போக வேண்டியதில்லை. சனி மூலையில் முதல் முடியைப் பிரித்து நட்டதும் குலவை எழும்பும். உதட்டைக் குவித்து, நாக்கை இடமும் வலமுமாக விசிற வேண்டும். தொண்டையிலிருந்து வருவது ஒரே சத்தம்தான். அதைப் பொடிப்பொடியாக உடைத்து அனுப்புவது நாக்கு. மூச்சு வயிற்றிலிருந்து வராவிட்டால் பாதியில் அறுந்துவிடும். ஒருத்தி ஆரம்பிப்பாள். அவள் மூச்சு முடிவதற்குச் சற்று முன்னால் அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். எது யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வரப்பில் யாராவது வசதியானவர் நடந்து வந்தால் நாற்று முடியை அவர் காலடியில் வைத்து மறித்துக்கொண்டு குலவை போடுவார்கள். காசு கொடுக்காமல் போக முடியாது. கொடுத்ததும் இன்னொரு குலவை. கேட்கிற குலவைக்கும் வாழ்த்துகிற குலவைக்கும் நாக்கு அசைவில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் மறுகரையில் மாடு மேய்க்கிறவர்களுக்குக் காசு விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முளைப்பாரி தூக்கிப் போகும்போது அதே குலவை கும்பிடாக மாறும். பெண் சமைந்தால், தாலி ஏறினால், ஊர்ப் பொங்கல் பொங்கி வழிந்தால் அதே குலவை. அப்பத்தா சின்ன வயதிலேயே தாலி அறுத்தது. கல்யாண வீடுகளில் முன்னால் வராது. அந்தக் காலத்தில் வர விடமாட்டார்கள், அதற்குத் தெரிந்து அதுவாகவே ஒதுங்கிக்கொள்ளும். மணவறைக்கு எதிரே உட்காராமல், அரிசி களைகிற இடத்திலோ காய் நறுக்குகிற கொட்டகையிலோ இருக்கும். ‘கெட்டிமேளம்’ என்ற குரல் கேட்டதும் முன்வரிசைப் பெண்கள் குலவையை எடுப்பார்கள். அவர்கள் மூச்சு தளரும் நேரத்தில் பின்னால் கொட்டகையிலிருந்து ஒரு குலவை எழும்பி எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும். அது யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒருவரும் தடுக்கவும் மாட்டார்கள். வாய் திறந்து ‘மகராசியா இரு’ என்று அப்பத்தா சொல்லியிருந்தால் அபசகுனம் என்றிருப்பார்கள். வார்த்தை இல்லாததால் அந்த வாழ்த்துக்கு வழி கிடைத்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நான் பார்த்த மிகப் பெரிய ஆசீர்வாதம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த அப்பத்தா இறந்தபோது ஒப்பாரிக்கு நாலு ஊர்ப் பெண்கள் வந்தார்கள். பஸ் விட்டு இறங்கும்போதே குரல் எடுத்துவிடுவார்கள். அவ்வளவு தூரத்தில் சொல் எங்கே காதில் விழும்? ஏறி இறங்குகிற சத்தம்தான் வரும். திண்ணையில் இருந்த பெண்கள் அதைக் கேட்டே ‘கீழவளவுக்காரி வந்துட்டா’ என்பார்கள். சொன்னபடி கீழவளவு அத்தைதான் தெரு முனையில் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வருவாள். தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். ஒப்பாரியிலும் வார்த்தைகள் பெரும்பாலும் சுற்றி நிற்பவர்களுக்குத்தான். யார் கஞ்சி ஊற்றவில்லை, யார் நிலத்தைப் பிடுங்கினான் என்று செத்தவளின் பெயரால் இருக்கிறவர்களிடம் கணக்குக் கேட்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைக்கிற இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளியிலும் சுருதி விடாது. பக்கத்தில் இருப்பவள் மெலிதாக இழுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

அப்பத்தாவின் தங்கை, எங்கள் சின்ன அப்பத்தா, ஒப்பாரியில் கெட்டிக்காரி. மூன்று தலைமுறைக் கதையை எதுகை தப்பாமல் சொல்லி அழக்கூடியவள். காலையிலிருந்து அவள்தான் முன்னின்று பாடினாள். தேரைத் தூக்கியபோது எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரே ஒரு நீண்ட ‘ஏ’. அது எங்கேயோ உச்சியில் போய்த் தட்டி, இறங்கி, இரண்டாய்ப் பிரிந்து மறுபடி ஒன்றானது. பறையடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் எத்தனை சாவு பார்த்தவர்கள்! அதுவரை வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த எங்கள் அப்பா, அந்தச் சத்தத்தில்தான் உட்கார்ந்து அழுதார்.

வீட்டில் வானொலி வந்தது இதற்குப் பிறகு. அப்பா மேலூரில் தவணைக்கு வாங்கிய மர்ஃபி பெட்டி. எங்கள் பக்கத்தில் திருச்சி நிலையத்துக்கு நிகராக இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். பாட்டு வைப்பதற்கு முன் படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர்கள் யார் என்று அட்சர சுத்தமாகச் சொல்வார்கள். அப்படித்தான் ஒருநாள் ‘ஆலயமணி’ படத்தின் ‘கல்லெல்லாம் மாணிக்கக் கல்லாகுமா’. கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. முதலிலிருந்து கடைசி வரை வார்த்தை பாடியதெல்லாம் சௌந்தரராஜன்தான்.

‘ஈஸ்வரி எங்கம்மா பாடுறாங்க?’

அம்மா உரலில் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் அந்த ஹம்மிங்கை அப்படியே எடுத்தாள். பாட்டின் முகப்பில் வந்து, நடுநடுவே சௌந்தரராஜனின் குரலைச் சுற்றி வளைந்து போகிற ஆகாரத்தை, ஒரு வளைவு தப்பாமல். ‘இதுதான் ஈஸ்வரி’ என்றாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டு வரி எதுவும் அவளுக்கு நிற்காது. இரண்டு சொல் பாடுவாள், மூன்றாவதில் தடுக்கி, சிரித்து விட்டுவிடுவாள். ஆனால் ஹம்மிங் என்றால் கல்லில் வெட்டிய மாதிரி நிற்கும். ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் சுசீலாவின் குரல் வார்த்தைக்கு முன் வந்து நிற்கிற இடம் அவளுக்கு அத்துப்படி. சினிமாப் பாட்டு என்றால் வீட்டில் எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது. வார்த்தை எனக்கும் தம்பிக்கும், வார்த்தை இல்லாத இடமெல்லாம் அம்மாவுக்கு. நாங்கள் சரணத்தை முடித்து நிறுத்தினால் அடுப்படியிலிருந்து இடையிசை வரும். வயலின் பகுதியையும் விடமாட்டாள், புல்லாங்குழலையும் விடமாட்டாள்.

எல்.ஆர். ஈஸ்வரியின் கதையைப் பிற்பாடு படித்தபோது அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய தாயார் நிர்மலா, ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் கூடப் போய்க் கோரஸில் நின்றிருக்கிறார். கே.வி. மகாதேவன் 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிப்பாட்டுக் கொடுத்தார். ‘எலந்தப்பழம்’ ஊரைக் கலக்கியது அதற்குப் பத்து வருடம் கழித்து. ஊர் அவரைத் துள்ளல் பாட்டுக்காரியாகவும் அம்மன் பாட்டுக்காரியாகவும் வைத்துக்கொண்டது. நான் ‘ஆலயமணி’ ஈஸ்வரியைத்தான் முதல் வரிசையில் வைப்பேன். ஒரு மனிதன் காதலித்தவளைப் புகழ்ந்து பாடுகிறான். அவளுக்குப் பதில் சொல்ல ஒரு வரியும் கவிஞர் தரவில்லை. அந்தக் குரல் வெட்கம், பெருமை, கொஞ்சம் பயம் எல்லாவற்றையும் ஆகாரத்திலேயே சொல்லி முடிக்கிறது. கோரஸில் நின்று பழகியவருக்குத்தான் அது வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துப் பதிவில் கோரஸ் பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுவார்கள். ஒருத்தி பிசகினால் வாத்தியக்காரர்கள் உட்பட எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இசைத்தட்டு உறையில் அவர்கள் பெயர் வராது. நமக்குப் பிடித்த எத்தனையோ பாட்டுகளில் நம்மை உருக்கிய இடம் அந்தப் பெயரில்லாத பெண்களுடையது.

‘ஆலயமணி’ வந்த அதே 1962இல் வந்தது ‘கொஞ்சும் சலங்கை’. எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் ரேடியோ கட்டினால், பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு ‘சிங்காரவேலனே தேவா’ போட்டாக வேண்டும். எஸ். ஜானகியும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும். பல்லவி பாடும்போது பந்தலில் அவரவர் வேலை அவரவருக்கு நடக்கும். வார்த்தை முடிந்து, ஜானகியின் குரல் நாதஸ்வரத்தைத் துரத்த ஆரம்பிக்கிற கட்டத்தில் கரண்டி நின்றுவிடும். குரல் எது, குழல் எது என்று பந்தயம் கட்டுவார்கள் சிறுவர்கள். மாமா ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார், யாரும் கூப்பிடக்கூடாது. அந்த ராகத்துக்கு ஆபேரி என்று பெயர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

நாதஸ்வரத்துக்கு ஊரில் பஞ்சமில்லாத காலம் அது. திருவிழாவில் சாமி புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகை உண்டு, வார்த்தைதான் இல்லை. வெளியூர் நாயனக்காரர்கள் வந்தால் நள்ளிரவுக்கு மேல் தோடியை எடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஐயாமார்கள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர் 1956இல் போய்விட்டார். அவர்களில் பலர் அவரை நேரில் கேட்டதுகூட இல்லை, இசைத்தட்டில் கேட்டதுதான். தோடி என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது அவர்களால். காருகுறிச்சியார் அவருடைய சீடர் என்பதால் அந்தப் பேச்சு ‘சிங்காரவேலன்’ பாட்டில் வந்து முடியும்.

நான் கல்லூரிக்கு மதுரை வந்த பிறகு தமிழிசைச் சங்கத்துக் கச்சேரிகளுக்குத் தோழியோடு போவேன். சென்னையில் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியபோது நடந்த சண்டைகளை அங்கேதான் பெரியவர்கள் சொல்லக் கேட்டேன். பாடுவது புரிய வேண்டும் என்று கேட்டது முழு நியாயம். தன் ஊர் மேடையில் தன் மொழியில் பாட்டுக் கேட்க ஒருவன் போராட வேண்டியிருந்தது என்பதே எனக்கு வலிக்கும். ஆனால் அதே மேடையில் பாடகர் கீர்த்தனைக்கு முன் ராகத்தை விரிக்கும்போது அந்த வழக்கே இல்லாமல் போய்விடும். ததரின என்று ஒட்டிக்கொண்டு வருகிற சில அசைகள், மற்றதெல்லாம் ஆகாரம். தெலுங்குக்காரருக்கும் தமிழருக்கும் அங்கே ஒரே வரிசை. முகாரி விரிந்த ஒரு மாலையில் சின்ன அப்பத்தாவின் அந்த ‘ஏ’ என் காதில் தனியாகக் கேட்டது. பாடகர் இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்த அதே இடம். பக்கத்திலிருந்த தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சினிமாக்காரர்கள் தத்தகாரம் என்று ஒன்று சொல்வார்கள். இசையமைப்பாளர் ‘தானன தானன’ என்று மெட்டைப் பாடிக் காட்டுவார், கவிஞர் அந்த அளவுக்குச் சொல் வைப்பார். திரைக்குப் பின்னால் நடக்கிற இந்த வேலையைப் பாலசந்தர் 1980இல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் காட்சியாகவே வைத்துவிட்டார். ஸ்ரீதேவி மெட்டைச் சொல்ல, கமல் வார்த்தை போடுகிற ‘சிப்பி இருக்குது’ பாட்டு. மேலூர் தியேட்டரில் அம்மாவோடு பார்த்தேன். விஸ்வநாதனின் மெட்டு ஜானகியின் குரலில் சந்தமாக வரும், பாலசுப்பிரமணியம் பதில் பாடுவார். தியேட்டர் முழுக்க வார்த்தை எப்படி விழப்போகிறது என்று காத்திருந்தது. அம்மாவுக்கு அது பொருட்டே இல்லை. ‘அந்தப் பிள்ளதான் எல்லாத்தயும் முன்னாடியே சொல்லிருச்சே, இவன் என்ன புதுசாச் சொல்றான்?’ என்றாள் வெளியே வரும்போது.

பின்னால் ‘திருடா திருடா’ வந்தபோது ‘ராசாத்தி என் உசுரு’ பாட்டை அவளுக்குக் கேசட்டில் போட்டுக் காட்டினேன். ஷாகுல் ஹமீது பாடுகிறார். வாத்தியத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் மனிதக் குரல்கள்தான். ரகுமான் அந்தக் குரல்களை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார். அம்மா மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னாள். ‘நடவுக்காட்டுல நிக்கிற மாதிரி இருக்கு’ என்றாள்.

நடவுக்காடு இப்போது எங்கள் ஊரில் மெஷினிடம் போய்விட்டது. கல்யாண மண்டபங்களில் குலவைக்கு மொபைலில் பதிந்த சத்தத்தை ஸ்பீக்கரில் விடுகிறார்கள். போன தையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்துக்கு அந்தப் பதிவு சரியாக ஓடியது. ஒரே அளவில் தொடங்கி ஒரே அளவில் நின்றது. மூச்சு தளர்கிற இடமே அதில் இல்லை, அதனால் அடுத்தவள் பிடித்துக்கொள்கிற இடமும் இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. எழுந்து நின்று குலவை போட்டேன். பட்டுச்சேலைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையிலிருந்து இரண்டு கிழவிகள் சேர்ந்துகொண்டார்கள். ஐ.டி. வேலையில் இருக்கிற என் நாத்தனார் மகள் பந்தியில் வந்து உட்கார்ந்து, ‘அத்தை, நாக்க எப்படி வைக்கணும்?’ என்று கேட்டாள். இலையில் பாயசம் ஆறும் வரை சொல்லிக்கொடுத்தேன். வந்துவிட்டது அவளுக்கு.

அம்மாவுக்கு ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அதோடு பேச்சும் போனது. நாங்கள் சொல்வது அவளுக்குப் புரியும், அவளால் சொல்ல முடியாது. மிஞ்சியது ‘தா’ என்ற ஒற்றை எழுத்து. காபிக்கும் ‘தா’, தலையணைக்கும் ‘தா’, ஜன்னலைச் சாத்து என்பதற்கும் ‘தா’. சில நாளில் நாங்கள் அதைப் பிரித்துக் கேட்கப் பழகினோம். மேலே போய் நிற்கிற ‘தா’ கேள்வி. கீழே விழுகிற ‘தா’ வேண்டாம். நீளமாக வளைகிற ‘தா’ தம்பி மகளைக் கூப்பிடுவது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சின்ன வயதுக்காரி, பொறுமைசாலி. பாரிஸில் 1861இல் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். அந்த மனிதர் வாயில் மிஞ்சியது ‘டான்’ என்ற ஓர் அசை மட்டும். மருத்துவமனையில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான், பேச்சை உண்டாக்குகிற இடம் இடது பக்கத்து முன்பகுதியில் இருக்கிறது என்று புரோக்கா காட்டினார். பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் துணை நிற்கிறது. அதனால் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சிழந்தவர்களில் சிலருக்குப் பாட முடிகிறது. இதை வைத்து 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை, முயன்று பார்ப்போம் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே தம்பி தன் போனில் ‘கல்லெல்லாம்’ பாட்டைப் போட்டான். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஈஸ்வரி எடுக்கிற இடத்தில் அம்மாவும் எடுத்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, சத்தம் கோணவில்லை. சௌந்தரராஜன் பாடும்போது நிறுத்தினாள். அவள் இடம் வந்ததும் மறுபடி எடுத்தாள். கடைசி வரை. தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அந்தப் பயிற்சியில் முதல் படியே ஹம்மிங்தான். ‘தண்ணி வேணும்’ என்பதை இரண்டே சுரத்தில், ஒன்று மேலே ஒன்று கீழே, வாய் மூடிப் பாட வேண்டும். கூடவே நோயாளியின் இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்ட வேண்டும். அடுத்தது இருவரும் சேர்ந்து ஹம்மிங். அப்புறம் சேர்ந்து வார்த்தையோடு. பாதியில் கற்றுத் தருபவர் தன் குரலை விலக்கிக்கொள்வார், மீதியை நோயாளி முடிக்க வேண்டும். அப்பத்தா தொட்டிலடியில் வார்த்தையில் தொடங்கி ‘ம்’மில் கொண்டுபோய் விட்ட வழியை, இந்தப் பெண் ‘ம்’மில் தொடங்கி வார்த்தைக்குத் திரும்பி வந்தாள். அம்மா வார்த்தையோடு முதலில் முடித்தது ‘வேணும்’ என்பதை. அதிலும் ‘ணும்’ கீழே இறங்கி மூக்கோடு முடிந்தது. பயிற்சிப் பெண் ‘இந்த இழுப்பு நான் சொல்லித்தரலயே’ என்றாள்.

மாதங்கள் போகப் போக வார்த்தைகள் கூடின. எல்லாம் ராகத்தோடுதான் வரும். ராகத்தை எடுத்துவிட்டால் வார்த்தை நின்றுவிடும். ‘சோறு போதும்’ ஒரு மெட்டு, ‘ஃபேனப் போடு’ ஒரு மெட்டு. பேச்சாகப் பதில் சொன்னால் அவளுக்கு அடுத்தது எடுக்க வராது, பாட்டாகச் சொன்னால் வரும். அதனால் வீட்டில் எல்லோரும் பாடிப் பேச ஆரம்பித்தோம். தம்பி மகள் பரீட்சை மார்க்கைப் பாடிச் சொல்வாள். தம்பி பெண்டாட்டிக்கு வெட்கம், கொஞ்ச நாள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பாடினாள். காலையில் பால் ஊற்ற வருகிறவர் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போல. ஒருநாள் கேனைத் திறந்துகொண்டே, மேலே ஒன்று கீழே ஒன்றாக, ‘ஒரு லிட்டரா, ஒன்றரையா?’ என்று பாடினார். ‘ஒன்றரை’ என்று அம்மா உள்ளேயிருந்து சரியான சுரத்தில் கொடுத்தாள்.